தெரியாது, மேடம்

காட்பாடி,
9 ஜூன் 2025

சோபனா,

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன். நேற்று பஸ்ஸில் நம் வகுப்பு ஷஹீன் பானுவைப் பார்த்தேன். நீயும் இந்த வருஷமே ஆர்.டி. தேர்வு எழுதப் போகிறாயாம். வாழ்த்துகள்.

பதிவுபெற்ற டயட்டீஷியன் ஆவதற்கு முன்னால் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு சீனியரின் கண் எதிரே வேலை பழக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அதை எப்படித் தாண்டினாய் என்று அவளிடம் கேட்டேன். ஆம்பூர் பைபாஸ் பக்கம் ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் கையெழுத்து வாங்கிவிட்டாயாம். அங்கே நீ போனது இரண்டே தடவை. ஒன்று கேட்க, இன்னொன்று வாங்க.

ஃபேர்வெல் அன்று எல்லார் முன்னாலும் உன்னை 'ரப்பர் ஸ்டாம்ப் டயட்டீஷியன்' என்று சொன்னேன். அதற்காகத்தான் நம்பரை அடைத்தாய். இன்று யோசித்தால் அந்தப் பட்டமே உனக்குப் பெரிய சைஸ். ஸ்டாம்பாவது தினமும் மையைத் தொடும்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். விடியற்காலையில் டயட் கிச்சனில் தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மூக்கு வழியே குழாய் போட்ட பேஷண்ட்டுகளுக்கான கஞ்சியை வடிகட்டி, ஒரு கட்டிகூட இல்லை என்று காட்டினால்தான் எங்கள் சீஃப் ஞானசுந்தரி மேடம் தலையை ஆட்டுவார். போன வாரம் ரவுண்ட்ஸில் ஒரு சர்க்கரை பேஷண்ட்டுக்குச் சாப்பாட்டு அளவு கேட்டார். மனப்பாடமாக ஒப்பித்தேன். "ஃபைலைப் பாத்தியா? ஆளைப் பாத்தியா? ரெண்டும் இல்லாம வாயைத் தொறக்கறதா இருந்தா வெளிய போய் நில்லு" என்றார். போய் நின்றேன். மறுநாள் இரண்டையும் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். இதற்குப் பெயர்தான் பயிற்சி. உனக்கு எந்த வாசலில் யார் நிற்கவைத்தார்கள்?

தேர்வு ஹாலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள். எனக்கு வசதியாக இருக்கும்.

அக்சா

---

ஆம்பூர்,
16 ஜூன் 2025

அக்சா,

உன் கையெழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. சொல்லும் விஷயம் மட்டும் வழக்கம்போல.

உன்னை ரிட்டயரான ஹெட்மாஸ்டர் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். அம்மா கட்டிக்கொடுத்த கேரியரில் மத்தியானம் மீன்குழம்பு. சாயந்திரம் உன் ஜெஃப்ரி அண்ணன் வந்து கூட்டிப்போகிறார். இந்த ஆறு மாதத்தைத் தவம் என்று எழுதி அனுப்ப உனக்கு வெட்கமில்லை. எங்கள் வீடு ஆலங்காயத்திலிருந்து எவ்வளவு உள்ளே என்று உனக்குத் தெரியும், ஒரு பொங்கலுக்கு வந்து முகம் சுளித்துவிட்டுப் போனவள்தானே. சம்பளமில்லாமல் ஆறு மாதம் ஹாஸ்டலில் உட்கார்ந்து கஞ்சி வடிகட்டு என்று எங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருந்தால், "அதுக்கு இன்னாத்துக்குடி அஞ்சு வருசம் படிச்ச, என்கிட்டயே கத்துக்கினு இருக்கலாமே" என்றிருப்பாள்.

நான் வேலை பார்க்கும் எடைகுறைப்பு நிலையத்தைப் பற்றி ஷஹீன் என்ன சொன்னாளோ தெரியாது. இங்கே வருகிறவர்கள் ஷூ கம்பெனிப் பெண்கள். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து இடுப்பு பெருத்தவர்கள். உன் ஆஸ்பத்திரிக்கு இவர்கள் படுத்த பிறகுதான் கண்ணில் படுவார்கள். நான் நடக்கும்போதே பார்க்கிறேன்.

செண்பகம் என்று ஒரு அக்கா. ஷூவின் மேல்தோல் தைக்கிற லைனில் வேலை, பத்து வருஷமாகச் சர்க்கரை. "மத்தியானம் இன்னா சாப்டுவீங்க?" என்றேன். "பெல் அடிச்சு, கை கழுவி, டப்பாவைத் தொறக்கறதுக்குள்ள பாதி நேரம் போய்டும் மேடம். நாலு வாய் அள்ளிப் போட்டுக்கினு ஓடணும்" என்றார். அவருடைய அடுப்பு, அவருடைய ஷிப்ட், அவருடைய டப்பா, எல்லாம் கேட்டுத்தான் எழுதிக்கொடுத்தேன். இரண்டே மாதத்தில் புடவையை ஒரு சுற்று ஜாஸ்தி சுற்றுகிறார். தெருவில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார். உன் மேடம் தலையை ஆட்டுகிறார் என்று நீ பூரித்துப் போ. எனக்கு இது போதும்.

கடிதம் எழுதி ஸ்டாம்பை வீணாக்காதே. ஸ்டாம்புக்கும் மானம் இருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

சோபனா

---

வேலூர், சிறுநீரக வார்டு,
4 ஜூலை 2025
(ஜெஃப்ரி அண்ணன் கையில்)

சோபனா,

உன்னைக் கும்பிடுகிற செண்பகம் இங்கே ஏழாம் நம்பர் கட்டிலில் கிடக்கிறார்.

மூன்று நாளைக்கு முன்னால் லைனிலிருந்து எழுந்தவர் கால் மடங்கி விழுந்திருக்கிறார். கம்பெனி வண்டியில் கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறிவிட்டது. பொட்டாசியத்தை வெளியேற்ற வேண்டிய கிட்னி இரண்டும் ஏற்கெனவே கெட்டிருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. உடனே டயாலிசிஸ் போட்டார்கள், இறங்கியது. நேற்று மறுபடி ஏறிவிட்டது. ஏன் என்று டாக்டர்களுக்குப் புரியவில்லை.

சாப்பாட்டு விவரம் எடுக்க என்னை அனுப்பினார்கள். "வீட்ல நான் சாதா உப்பே தொடறதில்லமா. ஆம்பூர்ல சோபனா மேடம் குடுத்த உப்புதான். உடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க" என்றார். இங்கேயும் அவர் கணவர் திருட்டுத்தனமாக ரசம்சாதம் கொண்டுவந்து ஊட்டுகிறார். அந்த உப்பைப் போட்டுத்தான். பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். உங்கள் நிலையத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. உள்ளே என்ன என்று ஒரு எழுத்தில்லை.

உங்கள் இடத்துக்குப் போன் செய்தேன். "மேடம் பிஸி, கஸ்டமர் விவரம் சொல்லக்கூடாது" என்று ஒருத்தி வைத்துவிட்டாள். அண்ணன் ஆம்பூரில்தான் வேலைக்குப் போகிறார், பாசஞ்சரில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் கதவின் முன்னால் நிற்பார். உப்பில் என்ன, அவர் சொல்கிற புரோட்டீன் பவுடரில் என்ன, வேறு என்னென்ன கொடுத்தாய், எழுது. உன் திறமை, என் திறமை எல்லாம் பிறகு.

கிட்னி எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தாயா?

அக்சா

---

ஆம்பூர்,
4 ஜூலை 2025

அக்சா,

உப்பு சோடியம் குறைந்த உப்பு. பாதிக்கு மேல் பொட்டாசியம் குளோரைடு. மொத்தமாக வாங்கி இங்கே எங்கள் கவரில் அடைக்கிறார்கள். பிரஷர் இருக்கிறது என்று சொன்னதால் கொடுத்தேன். காலையும் மாலையும் புரோட்டீன் பவுடர். தினம் ஒரு இளநீர். வாரம் இருமுறை வாழைத்தண்டுச் சாறு. உப்பு பாக்கெட் வீட்டில் இன்னும் இரண்டு இருக்கும். எல்லாவற்றையும் கொட்டச் சொல்.

கிரியாட்டினின் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவும் இல்லை. போதுமா? இதை நீ பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

உன் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார்.

பிழைத்துவிடுவாரா?

சோபனா

---

காட்பாடி,
12 ஜூலை 2025

சோபனா,

பிழைத்துவிட்டார். நிம்மதியாகத் தூங்கு.

உப்பை நிறுத்தியதும் பொட்டாசியம் அடங்கிவிட்டது. ஆனால் கிட்னி திரும்பவில்லை. இனி வாரம் மூன்று நாள் மெஷினில் படுக்க வேண்டும். "எப்படியும் ரெண்டு மூணு வருசத்துல இந்த இடத்துக்கு வந்திருப்பாங்க" என்று டாக்டர் சொன்னார். அந்த இரண்டு மூன்று வருஷத்தை நீ எடுத்துக்கொண்டாய். எதற்கு? புடவையை ஒரு சுற்று ஜாஸ்தி சுற்றுவதற்கு.

ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்கத் தெரியாத நீ, அடுப்பைக் கேட்டேன் டப்பாவைக் கேட்டேன் என்று பக்கம் பக்கமாக எனக்குப் பாடம் எடுத்தாய். இங்கே இந்த வார்டில் முதல் நாளே சொல்லித்தருவது இதுதான்: ரிப்போர்ட்டைப் பார்க்காமல் எலுமிச்சம்பழம்கூடக் கொடுக்காதே. அதற்குத்தான் ஆறு மாதம். நீ கையெழுத்து வாங்கித் தாண்டிப்போனது அந்த முதல் நாளைத்தான்.

இதில் எனக்கு வேறு தலைவலி. செண்பகத்துக்கு நான் போட்டுக்கொடுத்த சார்ட்டை அவர் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டார். "ஆப்பிள் போட்டிருக்கீங்க. எங்கூட்ல எவன் ஆப்பிள் வாங்கறான்? சோபனா மேடம்னா இப்படி எழுத மாட்டாங்க" என்கிறார். படுக்கவைத்தவளுக்கு இன்னும் பாராட்டு. உனக்கு அதிர்ஷ்டம்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீயாகத் தேர்வு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள். இல்லாவிட்டால் நர்சிங் ஹோம் பெயர், உன் பெயர், எல்லாவற்றையும் தேர்வு நடத்துகிற டயட்டீஷியன் சங்கத்துக்கு எழுதுவேன். ஞானசுந்தரி மேடத்திடமும் சொல்வேன். எனக்குத் தயக்கம் எதுவும் கிடையாது.

அக்சா

---

ஆலங்காயம்,
21 ஜூலை 2025

அக்சா,

உனக்குத் தயக்கம் கிடையாது. படித்துவிட்டுச் சிரித்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன். முதலாளி ஹேமந்த்திடம் பாக்கெட்டை நீட்டி, இதை விற்கக்கூடாது என்றேன். "உப்புல இன்னா மேடம் இருக்கப்போவுது, உப்புதான்" என்றான். மூன்று மாதம் முன்னால் கேட்டிருந்தால் நானும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதால் அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. அந்த உப்பு வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். நிறுத்துங்கள், ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்றேன். சிலர் பயந்தார்கள். ஒரு அம்மா, "அப்ப இத்தினி நாளா இன்னாத்த குடுத்த?" என்று கேட்டுவிட்டு முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். சரியாகத்தான் சாத்தினாள்.

பிறகு பார்வையாளர் நேரத்தில் உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கிச்சனில் இருந்தாய். செண்பகம் அக்காவிடம் நேராகச் சொன்னேன்: "அக்கா, நான் குடுத்த உப்பு தப்பு. டெஸ்ட் எடுக்கச் சொல்லாம குடுத்தேன்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு உன்னைத் தெரியாதுன்னு சொன்னதுகூட இதுக்குத்தானா?"

என்னக்கா என்றேன். அவர் சொன்னது இது. பெரிய மேடம் கட்டில் பக்கத்தில் நின்று உன்னைக் கேட்டாராம்: "யார் இந்தச் சோபனா? உங்க பேட்ச்சா?" நீ, "தெரியாது, மேடம்" என்றாயாம். உப்பில் என்ன என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்றதற்கு, "அவங்க வீட்டுக்காரர் கடையில விசாரிச்சார் மேடம்" என்றாயாம். அவர் கணவர் அங்கேயே திருதிருவென்று நின்றிருக்கிறார்.

ஐந்து வருஷம் ஒரே ரூம், அக்சா. எனக்குக் காய்ச்சல் வந்தால் நீ கஞ்சி வைத்தாய், உனக்குப் புராஜெக்ட் வந்தால் நான் வரைந்து கொடுத்தேன். தெரியாது, மேடம். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாய் என்றால்கூட நன்றி சொல்லியிருப்பேன். என்னோடு சேர்த்து உன் பெயரும் அந்த மேடம் வாயில் வந்துவிடும் என்று பயந்தாய். சங்கத்துக்கு எழுதுவாளாம். கட்டில் ஓரத்தில் ஒரு வார்த்தை சொல்லத் தெம்பில்லை.

அதனால் நானே உன் ஞானசுந்தரி மேடத்தின் அறைக்குப் போனேன். "நான்தான் மேடம் அந்தச் சோபனா. அக்சா என் ரூம்மேட். உப்புல இன்னா இருக்குன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்" என்றேன். அந்த நர்சிங் ஹோம் சான்றிதழை அவர் மேஜையில் வைத்தேன்.

அவர் அதைத் தொடக்கூட இல்லை. "இதை எதுக்கு என் டேபிள்ல வெக்கிற? குப்பைத்தொட்டி கீழ இருக்குது" என்றார்.

போட்டுவிட்டு வந்தேன். விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுவிட்டேன். உன் மிரட்டலுக்காக இல்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை உனக்குத் தரமாட்டேன்.

சோபனா

---

காட்பாடி,
5 ஆகஸ்ட் 2025

சோபனா,

உனக்குத் திருப்தியாக இருக்கும் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஞானசுந்தரி மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மற்ற டிரெய்னிகள் எல்லாரும் இருக்கும்போதே, காய் நறுக்குகிற மேஜை பக்கத்தில் நின்றுகொண்டு, மெதுவாகக் கேட்டார்: "பேஷண்ட்டுக்கு வேண்டிய விஷயத்தை யாருகிட்ட வாங்கினேன்னு சொல்றதுல உனக்கு இன்னா கஷ்டம்?" அவரே தொடர்ந்தார்: "அவ சொன்னது பொய்யா இருந்தா? கடையில விசாரிச்சதுன்னு நாங்க நம்பி இருப்போம். உன்னோட ரேங்க் வாங்கின மூஞ்சியை நம்பி இருப்போம்." அவ்வளவுதான். சிறுநீரக வார்டுப் பயிற்சியை முதலிலிருந்து செய்யவேண்டும். அதுவரை கையெழுத்து கிடையாது. இந்த வருஷத் தேர்வு எனக்கும் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு பொங்கலுக்கு நம்மளை வீட்டுக்குக் கூப்ட்டுச்சே, அந்தப் பொண்ணா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிறேன். அவர் விடமாட்டேன் என்று சொல்லவில்லை. நான்தான் ஸ்கூட்டரில் ஏறவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ செய்ததும் நான் செய்ததும் ஒரே அளவு இல்லை, அதில் நான் மாறமாட்டேன். ஆனால் ஒரு வேலை இருக்கிறது, உன்னைத் தவிர யாரும் செய்ய முடியாது.

செண்பகம் எதுவுமே சாப்பிடமாட்டேன் என்கிறார். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு புரோட்டீன் வேண்டும், தினமும் முட்டை வேண்டும். சொன்னால், "புரோட்டீன் புரோட்டீன்னு குடிச்சுதானே இங்க வந்து படுத்தேன். இப்ப அதே பேரைச் சொல்லிக்கினு நீ வர்ற" என்று திரும்பிப் படுக்கிறார். முன்னால் கூடாது, இப்போது வேண்டும் என்பதை நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவருக்கு அது இன்னொரு ஏமாற்று. எடை இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியாக, "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்து என் எதிர்ல நின்னு ஒரே மாதிரி சொல்லுங்க. அப்ப பாக்கலாம்" என்றார். மேடத்திடம் சொன்னேன். "கூட்டிட்டு வா" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மெஷினில் இருப்பார். வாசலில் உன் பெயரைச் சொல்லி வைத்திருப்பேன். பழம் கிழம் எதுவும் வாங்கிக்கொண்டு வராதே.

அக்சா

---

ஆலங்காயம்,
14 ஆகஸ்ட் 2025

அக்சா,

செவ்வாய்க்கிழமை வாசலில் என் பெயரை நீ உரக்கச் சொன்னாய். செக்யூரிட்டி, "யாருமா இவங்க?" என்றதற்கு, "என் ரூம்மேட்" என்றாய். காதில் விழுந்தது. பெரிய காரியம் என்று நினைத்துவிடாதே. ஒரு மாதம் தாமதம்.

நாம் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, பரீட்சைக்குப் போன பிள்ளைகள் மாதிரி முட்டையைப் பற்றிச் சொன்னது நினைத்தால் இப்போதும் கேவலமாக இருக்கிறது. நீ 'ஆல்புமின்' என்று ஆரம்பித்தாய். நான் உன் பேச்சை வெட்டி, மெஷின் ரத்தத்தைக் கழுவும்போது சத்தும் சேர்ந்து போய்விடுகிறது, அதை முட்டையில்தான் பிடிக்கவேண்டும் என்றேன். நீ முறைத்தாய். அவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வெள்ளைக்கருவைப் பிட்டு, கஷாயம் குடிப்பது போல விழுங்கினார்.

நீ மேடத்தைக் கூப்பிடப் போனபோது அவர் என்னிடம் பேசியதை உனக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாய், சொல்லியிருக்கலாம்.

கிச்சனிலிருந்து வருகிற தட்டில் அவர் பெயர் எழுதி, அவர் வீட்டுச் சமையல்போலவே புடலங்காய் பொரியலை நீ மாற்றிப் போட்டிருந்ததைச் சொன்னேன். உன்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டலாம் என்றுதான். அதற்கு அவர் சொன்னார்:

"ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்து ஒரே படிப்பு படிச்சீங்களாமே. ஒருத்தி நல்லாப் பேசுன, டெஸ்ட் எடுக்கச் சொல்லல. இன்னொருத்தி டெஸ்ட் எல்லாம் பாத்துச்சு, என்னைப் பாக்கல. உங்களுக்குள்ள சண்டை வேற. அதுல ஒருத்தியைத் தெரியாதுன்னு இன்னொருத்தி. இன்னிக்கு ஒண்ணாச் சேந்து வந்து முட்டை குடுக்கறீங்க. சாப்டறேன், போ. பசிக்குது, சாப்டறேன். நாளைக்கு நீங்க பாஸ் பண்ணிட்டு பேருக்குப் பின்னால எழுத்து போட்டுப்பீங்க. எனக்கு செவ்வா, வியாழன், சனி இந்த மெஷின். கம்பெனில என் சீட்டுல வேற ஆளை உக்கார வெச்சுட்டாங்க. அதுக்கு இன்னா சொல்றீங்க, ரெண்டு பேரும்?"

குரலில் கோபம்கூட இல்லை. தைத்த ஷூவில் கோணல் தையல் இருந்தால் தூக்கிப் போடுவார்களாமே, அந்த மாதிரிப் பார்த்தார். நீ மேடத்தோடு உள்ளே வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் முதல் தேதி தர்மபுரி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்கிறேன். முதல் மாதம் கிச்சன். அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள், நான் வாங்கவில்லை. பகலில் பயிற்சி, சாயந்திரம் ஒரு டியூஷன் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது. புது முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை. பேசுவதற்கு எதுவும் இல்லை.

செண்பகம் அக்கா கேட்டதற்குப் பதில் இருந்தால் எழுது.

சோபனா